கதையில சிரிப்பு வரவைக்கிறது எப்பிடி: பகிடி விடாமலே பகிடி எழுதுறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதன்முதலா நகைச்சுவைக் கதை எண்டு ஒண்ட எழுதி, வெள்ளவத்தையில ஒரு சிநேகிதன்ர வீட்டு மொட்டைமாடியில ஆறேழு பேருக்கு வாசிச்சுக் காட்டினனான். நாலு பக்கம், அதுக்குள்ள பதினொரு பகிடி, எண்ணி எண்ணி வச்சது. ஒருத்தரும் சிரிக்கேல்ல. பகிடி வாற இடத்தில எல்லாம் நான் ஒருக்கா நிப்பாட்டி நிமிந்து பாக்க, அவங்களும் பாவம், செத்த வீட்டில துக்கம் விசாரிக்கிற மாதிரி மெல்லமா தலையாட்டினவங்கள். ஆனா ஒரே ஒரு இடத்தில மட்டும் எல்லாரும் வெடிச்சுச் சிரிச்சிட்டினம், அது நான் பகிடி எண்டே நினைக்காத ஒரு வரி, சும்மா விவரத்துக்குப் போட்டது. "அண்ணன்ர முப்பத்தொண்டுக்கு வெளிக்கிடேக்க பெரியம்மா கண்ணைத் துடைச்சுக்கொண்டு, ஷொப்பிங் பேக் ஒண்ட நாலா மடிச்சு ஹேண்ட்பேக்குக்குள்ள வச்சா."

அவ்வளவுதான். முப்பத்தொண்டு எண்டா செத்து முப்பத்தோராம் நாள் செய்யிற சடங்கு, அதுக்குப் போய்ட்டு வரேக்க வடை மோதகம் கட்டித் தருவினம் எண்டு அந்த மொட்டைமாடியில இருந்த எல்லாருக்கும் தெரியும், அதால நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கேல்ல. பெரியம்மா அழுததும் உண்மை, பேக் வச்சதும் உண்மை. அவ பகிடி விடேல்ல. அண்டைக்கு வீட்டுக்கு வந்து மற்றப் பதினொரு பகிடியையும் வெட்டி எறிஞ்சிட்டு யோசிச்சதில இருந்துதான் இந்த வழிகாட்டி. இனி சொல்லப்போற எல்லாம் அந்த ஒரு வரிக்குள்ள இருக்கு: கதைக்குள்ள இருக்கிற ஆளுக்கு தான் பகிடி எண்டு தெரியக்கூடாது.

முதல் வேலை: பகிடிய விடுங்கோ, ஆளைப் பிடியுங்கோ

எழுத இருக்கேக்க "இதில என்ன பகிடி வைக்கலாம்" எண்டு யோசிச்சா துணுக்குத்தான் வரும், கதை வராது. யோசிக்க வேண்டியது வேற. இந்த ஆளுக்கு என்ன வேணும், அது எவ்வளவு சின்ன விஷயம், அதுக்காக இந்த ஆள் எவ்வளவு தூரம் போகத் தயார். தேவை சின்னனா இருந்து தவிப்பு பெருசா இருந்தா சிரிப்பு தானா வரும். நாட்டைக் காப்பாத்த ஓடுறவன் வீரன், பஸ்ஸில யன்னல் சீற் பிடிக்க அதே வேகத்தில ஓடுறவன்தான் எங்கட ஆள்.

உதாரணத்துக்கு ஒரு கதைய நாங்கள் சேந்தே கட்டுவம், கடைசி வரைக்கும் இதையே வச்சுப் பாப்பம். வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில ஆறு மாடி ஃபிளாட். லிஃப்ட் பழுது. அஞ்சாம் மாடியில ஒரு அன்ரி, அவவின்ர மகளை அண்டைக்குப் பின்னேரம் பொம்பிள பாக்க வரப்போகினம். மாப்பிளையின்ர அம்மாவுக்கு முழங்கால் நோ. அன்ரிக்கு என்ன வேணும்? மகளுக்கு நல்ல வாழ்க்கை வேணும் எண்டு நீங்கள் சொன்னா அது சரி, ஆனா அதில சிரிப்பு இல்ல. எனக்குப் பிடிச்ச பதில் இது: வாறவை மூச்சு வாங்காம வந்து கதிரையில இருக்கவேணும். அது மட்டும்தான். அண்டைக்கு அவவின்ர முழு உலகமும் அந்த மூச்சுத்தான்.

ரெண்டாவது ஆள், ஃபிளாட் கொமிட்டியின்ர செக்கிரட்டரி அங்கிள். பென்சன் எடுத்தவர். ஊரில இருந்த காலத்தில ஆர் செத்தாலும் மரண அறிவித்தல் எழுதிக் குடுக்கிறது இவர்தான். அவருக்கு என்ன வேணும் எண்டா, தான் ஒட்டுற நோட்டீஸை சனம் நிண்டு வாசிக்க வேணும். இவரைப் பிறகு கவனிப்பம்.

ரெண்டாவது: காதை வச்சுக்கொண்டு திரியுங்கோ

இது எழுதுறதுக்கு முதல் செய்யிற வேலை, ஆனா எழுதுற காலம் முழுக்கவும் செய்யவேணும். ஒரு கிழமைக்கு போனில ஒரு நோட் திறந்து வையுங்கோ. அதில பகிடி எழுதக்கூடாது, ஆரும் சிரிச்சுச் சொன்னதையும் எழுதக்கூடாது. ஆக்கள் சீரியஸா சொன்னதை மட்டும் எழுதுங்கோ, சொன்ன சொல்லு மாறாம. இந்த "சொல்லு மாறாம" தான் கஷ்டம், வீட்டுக்கு வந்து எழுதுவம் எண்டு விட்டா மூளை அதை வடிவாக்கிப் போடும், வடிவாக்கின உடன செத்துப்போகும்.

கொழும்பில இதுக்குக் காசு குடுக்கத் தேவையில்ல. காலி வீதியில 100 ஆம் இலக்க பஸ்ஸில பம்பலப்பிட்டியில ஏறி வெள்ளவத்தையில இறங்குறதுக்குள்ள எனக்கு ஒருக்கா மூண்டு கிடைச்சது. ஒரு அம்மா போனில, "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, உங்களோட எட்டாவது ஆளுக்குத்தான் சொல்லுறன்" எண்டவ. எட்டு! அவ எண்ணி வச்சிருக்கிறா, அதுதான் எனக்குப் பிடிச்சது, பொய் சொல்லுற நேரத்திலயும் கணக்கில நேர்மை. செட்டியார் தெரு நகைக்கடை வாசல், கொட்டாஞ்சேனையில கோயில் முடிஞ்சு செருப்புத் தேடுற இடம், கல்யாண மண்டபத்தில சாப்பாட்டு வரிசை, டொக்டரைப் பாக்க நம்பர் எடுத்துட்டு இருக்கிற வாங்கு, இதுகள் எல்லாம் நல்ல இடம். சனம் காத்துக்கொண்டு இருக்கிற இடத்தில கதை நல்லா வரும்.

போர்ட் எழுத்தும் பாருங்கோ. பஸ் சீற்றில "கர்ப்பிணித் தாய்மார்" எண்டது தாவன்னா நாவன்னாவா மாறின கதை எங்களுக்கெல்லாம் தெரியும், ஒரு எழுத்துத்தான். அதில சிரிப்பு வாறதும் எரிச்சல் வாறதும் ஒரே நேரத்தில. அந்த ரெண்டும் சேந்து வாற இடத்த அடையாளம் போட்டு வையுங்கோ, பின்னால உதவும்.

மூண்டாவது: சிக்கலை அவையளே உண்டாக்கட்டும்

இதில புது ஆக்கள் எல்லாரும் (நானும்தான்) விழுந்தெழும்புவினம். சிரிப்புக்காக வெளியில இருந்து சாமான் கொண்டு வாறது: வாழைப்பழத் தோலில வழுக்கி விழுந்தான், நாய் துரத்தினது, கரண்ட் போச்சு. ஒருக்கா வேலை செய்யும், ரெண்டாந்தரம் செய்யாது. பிரச்சினைய வெளியில இருந்து ஒரே ஒருக்கா மட்டும் விடுங்கோ, எங்கட கதையில அது லிஃப்ட். அதுக்குப் பிறகு வாற ஒவ்வொரு பிரச்சினையும் அந்த ஆள் முதல் பிரச்சினைக்குக் கண்டுபிடிச்ச தீர்வில இருந்து வரவேணும்.

சரி, அன்ரி என்ன செய்வா? மாடிக்கு மாடி படிக்கட்டு முடியிற இடத்தில கதிரை போடுவா, வாறவை இருந்து இருந்து ஏறட்டும் எண்டு. நல்ல யோசனை, நானெண்டாலும் அதைத்தான் செய்வன். வீட்டில அவ்வளவு கதிரை இல்ல, அதால அந்தந்த மாடிக்காரரிட்டயே கடன் வாங்குவா. கடன் வாங்கினா ஏன் எதுக்கு எண்டு சொல்லவேணும். சொன்னா, எங்கட கதிரையில ஆர் வந்து இருக்கப்போகினம் எண்டு பாக்க கதவு எல்லாம் திறந்திருக்கும். ரெண்டாம் மாடி அன்ரி நல்ல மனுசி, வாசல்ல இருக்க விடுவாவா, "உள்ளுக்கு வாங்கோ, ஃபேனுக்குக் கீழ இருங்கோ" எண்டுவா. அந்த வீட்டிலயும் கல்யாண வயசில ஒரு மகள் இருக்கு.

பாத்தீங்களோ, ஒருத்தரும் கெட்டவை இல்ல. சதி இல்ல. அஞ்சாம் மாடி அன்ரி கதிரை போடாம விட்டிருந்தா மாப்பிளையின்ர அம்மா திட்டித் திட்டியெண்டாலும் நேர மேல வந்திருப்பா. அவவின்ர கெட்டித்தனம்தான் அவவைக் கவுத்தது. இப்பிடி ஒரு முடிச்சு கிடைச்சா கதையில பாதி முடிஞ்சுது, பகிடிக்கு அலையவே தேவையில்ல.

எத்தின தரம் ஏத்துறது எண்டும் கேப்பினம். முதல் மாடியில என்ன நடந்தது எண்டு முழுசா சொல்லுங்கோ, அதில விசேஷம் ஒண்டும் நடக்கக்கூடாது, கதிரை, தண்ணி, நன்றி, எழும்பிப் போகினம். வாசகருக்கு ஒழுங்கு பிடிபட்டுடும். ரெண்டாம் மாடியில ஒழுங்கை உடையுங்கோ. மூண்டாம், நாலாம் மாடியில ஆளில்லாமக் காத்துக்கொண்டு கிடக்கிற கதிரைய ஒரு வசனத்தில தாண்டுங்கோ. எல்லா மாடிக்கும் ஒரே அளவு இடம் குடுத்தா வாசகருக்கும் முழங்கால் நோகும்.

சிரிப்பு எந்தப் பக்கத்தால வருது எண்டு பாக்க

இது ஒரு பழைய அளவுகோல், எனக்கு சரியான உதவி. தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது மனசில இருக்கிறது உடம்பில தெரியிறது, எட்டு எண்டு சொல்லி அதில முதலாவதா வைக்கிறது நகைய. அந்த நகை எதில இருந்து பிறக்குது எண்டும் நாலு சொல்லுது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பள்ளிக்கூடத்தில பாடமாக்கி மறந்த சங்கதிதான், ஆனா எழுதுற ஆள் எண்ட கண்ணோட பாத்தா இது ஒரு செக் லிஸ்ட். எள்ளல் எண்டா நக்கல், ஒராளை இளக்காரமா பாக்கிறது. இளமை சின்னப்பிள்ளைத்தனம். பேதைமை அறியாமை, மடன் எண்டது சொன்னதை யோசிக்காம அப்பிடியே நம்புறது.

உங்கட கதைய எடுத்து ஒவ்வொரு சிரிப்புக்கும் பக்கத்தில இந்த நாலில எது எண்டு பென்சிலால எழுதிப் பாருங்கோ. என்ர முதல் கதையில பதினொண்டும் எள்ளல். ஒரே நக்கல். அதுதான் ஆக்களுக்கு அலுத்தது, நக்கல் மட்டும் உள்ள கதை வாசிக்கிறது, எல்லாரையும் குறை சொல்லுற மாமாவோட முச்சக்கரவண்டியில தூரப் பயணம் போற மாதிரி. லிஃப்ட் கதையில எங்க எது வரும் எண்டு பாருங்கோ. லிஃப்ட் திருத்துறவன் போனில "நாளைக்குக் காலம வாறம்" எண்டு ஒவ்வொரு நாளும் சொல்ல, செக்கிரட்டரி அங்கிள் ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு அயன் பண்ணின சேட்டோட கீழ வந்து நிக்கிறார், அது மடன். மூண்டாம் மாடிச் சின்னப்பெடியன் வாற ஆக்கள் ஏறுற படிய சத்தமா எண்ணுறான், "இன்னும் 38 இருக்கு அன்ரி" எண்டு மாப்பிளையின்ர அம்மாவுக்கு உற்சாகம் குடுக்கிறான், அது இளமை. தன்ர கதிரைதான் தன்னைக் கவுக்கப்போகுது எண்டு அஞ்சாம் மாடி அன்ரிக்குத் தெரியாது, அது பேதைமை. எள்ளலுக்கு இடம் கொஞ்சம் விடுங்கோ, உப்பு மாதிரி.

வசனத்தில கை வைக்கிற இடம்

இப்பதான் உண்மையான வேலை, இஞ்ச கொஞ்சம் கூட நேரம் நிக்கப்போறன். எழுதப் பழகுற இங்கிலீஷ் புத்தகங்களில எல்லாம் ஒண்டு சொல்லுவினம், சிரிப்பு வெடிக்கிற சொல்ல வசனத்தின்ர கடைசியில வை எண்டு. நல்ல புத்திதான். ஆனா தமிழில கடைசி இடம் ஏற்கெனவே வினைச்சொல்லுக்கு புக் பண்ணியாச்சு. சும்மா எழுதினா "கண்டார்", "இருந்தது", "என்று கூறினார்" எண்டு ஏதாவது ஒரு சப்பைச் சொல்லுத்தான் கடைசியில வந்து குந்திக்கொண்டு இருக்கும், வெடிக்க வேண்டிய சொல்லு நடுவில நசிஞ்சுபோகும்.

நான் முதல்ல எழுதினது இது:

"மாப்பிள்ளையின் தாயார் மூச்சு வாங்கியதால் இரண்டாம் மாடி வீட்டில் சற்று நேரம் அமர்ந்தபோது, அங்கேயும் திருமணமாகாத ஒரு பெண் இருப்பதையும் அவளுடைய சாதகம் தயாராக இருப்பதையும் அறிந்துகொண்டார்."

விஷயம் எல்லாம் இருக்கு, ஒரு சிரிப்பும் இல்ல. ஏன்? முதலாவது, எல்லாத்தையும் ஒரே மூச்சில சொல்லியாச்சு, வாசகருக்குத் தானா கண்டுபிடிக்க ஒண்டும் மிச்சமில்ல. ரெண்டாவது, கடைசிச் சொல்லு "அறிந்துகொண்டார்", அதுக்குள்ள ஒண்டுமில்ல. தமிழில இதுக்கு வழி இருக்கு. நாங்கள் கதைக்கேக்க நாளாந்தம் செய்யிறதுதான், வினைய முன்னுக்குத் தூக்கிப்போட்டு பெயரைக் கடைசியில விடுறது. "அவன்தான் உடைச்சவன்" எண்டுறதுக்கும் "உடைச்சது அவன்" எண்டுறதுக்கும் உள்ள வித்தியாசம். அப்பிடித் திருப்பினன்:

"மாப்பிளையின்ர அம்மா ரெண்டாம் மாடியில ஃபேனுக்குக் கீழ இருந்தா. தண்ணி கொண்டுவந்து குடுத்தது அந்த வீட்டு மகள்."

இப்ப "மகள்" எண்ட சொல்லு கடைசியில. வாசகர் அதில ஒரு நிமிசம் நிப்பார், ஓகோ எண்டுவார். ஆனா இன்னும் சிரிப்பு வரேல்ல, மெல்லிய முறுவல்தான். சாதகத்தை எங்க வைக்கிறது? "சாதகம் தயாரா இருந்தது" எண்டா செய்தி. தயார் எண்டதைச் சொல்லக்கூடாது, காட்டவேணும். எங்கட வீட்டில சாதகம் எங்க கிடக்கும் எண்டு யோசிச்சன். அலுமாரிக்குள்ள, லொக்கருக்குள்ள, காணி உறுதியோட சேத்துக் கட்டி. எடுக்கவே அரை மணித்தியாலம் வேணும். அப்ப இந்த அன்ரி எங்க வச்சிருப்பா?

"தண்ணி கொண்டுவந்து குடுத்தது அந்த வீட்டு மகள். எம்எஸ்சி முடிச்ச பிள்ளை எண்டு அன்ரி சொன்னா. சாதகம் ரிவிக்குக் கீழ லாச்சியிலயே இருந்தது, ரிமோட்டோட."

"ரிமோட்டோட" எண்ட சொல்லுக்காக நான் ரெண்டு நாள் இருந்தனான். அது வந்த பிறகுதான் அந்த வீடு முழுக்க எனக்குத் தெரிஞ்சுது, ஒவ்வொரு நாளும் சீரியல் பாக்க ரிமோட் எடுக்கேக்கயும் கை சாதகத்தில தட்டுப்படுற வீடு. நல்ல மனுசி எண்டு சொன்னதும் பொய்யாகேல்ல, ஒரு தாய்க்கு இருக்கிற ஏக்கமும் அதுக்குள்ளயே இருக்கு. "இருந்தது" எண்ட சப்பைச் சொல்லு முன்னுக்கு வந்து அதுக்குப் பிறகு ஒரு சொல்லு தொங்குது பாருங்கோ, கதைக்கேக்க நாங்கள் இப்பிடித்தான் கடைசியா ஞாபகம் வந்ததைக் கொண்டுவந்து பின்னால கொழுவுவம். எழுத்தில அது வெடி.

வினையே வெடியா இருந்தா பிரச்சினையே இல்ல, தானா கடைசியில வரும். "லிஃப்டைத் திருத்த வந்தவனும் அதுக்குள்ள மாட்டுப்பட்டான்." இதில ஒண்டும் மாத்தத் தேவையில்ல.

தமிழ் சும்மா தாற சாமான்கள்

எங்களிட்ட எழுத்துத் தமிழ் வேற, பேச்சுத் தமிழ் வேற. அந்த இடைவெளியில எவ்வளவு சிரிப்பு கிடக்கு எண்டு பாருங்கோ. செக்கிரட்டரி அங்கிளின்ர நோட்டீஸ்:

"ஜப்பானைப் பிறப்பிடமாகவும் கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட எமது மின்தூக்கி, கடந்த செவ்வாய்க்கிழமை மாலை மூன்றாம், நான்காம் மாடிகளுக்கு இடையில் தனது சேவையை நிறுத்திக்கொண்டது. இவ்வறிவித்தலை குடியிருப்பாளர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்."

எங்கட பேப்பரில மரண அறிவித்தல் வாசிச்சு வளந்த ஆருக்கும் இது உடன பிடிபடும். ஆனா கவனம், இதை கதைசொல்லி பகிடிக்கு எழுதினா மலிவு. அங்கிள் எழுதினா சரி, ஏனெண்டா அவருக்கு எழுதத் தெரிஞ்ச நோட்டீஸ் அது ஒண்டுதான். முதல்லயே அவர் ஊரில என்ன செய்தவர் எண்டு ஒரு வரி போட்டு வச்சது இதுக்காகத்தான். வெடிக்கிற சாமானை வெடிக்க முதல் எங்கயாவது சாதாரணமா காட்டி வச்சிடவேணும்.

அடுத்தது மரியாதை. நீ, நீர், நீங்கள் எண்டு எங்களிட்ட மூண்டு படி இருக்கு. அதோட இது, அது தவிர ரெண்டுக்கும் நடுவில உது எண்டு ஒண்டும் இன்னும் எங்கட பேச்சில உயிரோட இருக்கு. இதை வச்சு ஒரு கோபத்த ஒரு சொல்லும் விளக்கம் சொல்லாமக் காட்டலாம். கதை தொடங்கேக்க அஞ்சாம் மாடி அன்ரி சொல்லுறது "ரெண்டாம் மாடி அக்கா நல்லவ". நடுவில, "ரெண்டாம் மாடிக்காரி கூப்பிட்டவளாம்". கடைசியில புருஷனிட்ட, "உது இப்பிடித்தான் செய்யும் எண்டு எனக்கு அப்பவே தெரியும்". அக்கா, காரி, உது. அன்ரி கோபப்பட்டா எண்டு நீங்கள் எங்கயும் எழுதத் தேவையில்ல, எழுதினா இது மூண்டும் வீண்.

பிறகு எங்கட கீனா: கல்யாணம் கில்யாணம், சாதகம் கீதகம். ஒராள் எதுக்கு கீனா போடுறார், எதுக்குப் போடேல்ல எண்டதில அவர் எதை மதிக்கிறார் எண்டது தெரிஞ்சிடும். "கல்யாணம் கில்யாணம் எல்லாம் பிறகு, முதல்ல லிஃப்ட்" எண்டு அங்கிள் சொல்லட்டும். லிஃப்டுக்கு அவர் கீனா போடமாட்டார்.

ஊர்ப் பேச்ச வச்சு எழுதேக்க

கொழும்பில ஒரே ஃபிளாட்டில யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், முஸ்லிம் ஆக்களின்ர தமிழ் எல்லாம் ஒரே படிக்கட்டில ஏறி இறங்கும். சிங்களம் வேற கலக்கும். இலங்கை வானொலியில வந்த 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தின்ர பலமே இந்தக் கலவைதான், நடிச்ச ஆக்களை சனம் கடைசிவரைக்கும் பாத்திரத்தின்ர பேரோட சேத்துத்தான் கூப்பிட்டது, மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் எண்டு. பேச்சு வழக்கு ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஆளாவே நிண்டது.

ஆனா இதில ஒரு குழி இருக்கு. ஒராளின்ர பேச்சே பகிடி எண்டு எழுதினா அது பகிடி இல்ல, அந்த ஊராக்களுக்கு அவமானம். "அவன் அப்பிடிக் கதைக்கிறான், ஹி ஹி" எண்டது கதையில்ல. ரெண்டு பேச்சு முட்டுற இடத்தில உண்டாகிற குழப்பத்த எழுதுங்கோ. யாழ்ப்பாணத்தில 'பேசுறது' எண்டா ஏசுறது, மற்ற இடங்களில அது வெறும் கதைக்கிறது. மாப்பிளை வீடு மலையகப் பக்கம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, அவையின்ர ஆள் முதல்நாள் போன் எடுத்து மரியாதையா "நாளைக்கு அம்மா வந்து உங்ககிட்ட பேசுவாங்க" எண்டு சொல்ல, அஞ்சாம் மாடி அன்ரி இரவு முழுக்க நித்திரையில்லாம இருக்கிறா, ஏன் பேசப்போகினம், சீதனம் பத்தாதோ, ஆர் என்ன சொல்லிக் குடுத்தது எண்டு. ரெண்டு பக்கமும் சரி. சிரிக்கிறது சொல்லைப் பாத்து, ஆளைப் பாத்து இல்ல.

ஆரைப் பாத்து சிரிக்கிறது

எங்கட தமிழில பகிடிவதை எண்டு ஒரு சொல்லு இருக்கு, ராகிங்குக்கு. பகிடியையும் வதையையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி வச்சிருக்கிறம், கம்பஸில நடந்த கொடுமையில 1998 இல அதுக்கெண்டு 20 ஆம் இலக்கச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. செய்தவனைக் கேட்டா இண்டைக்கும் "சும்மா பகிடிக்கு" எண்டுவான். எழுதேக்க அந்தச் சொல்ல நான் மனசில வச்சிருப்பன். என்ர கணக்கு சிம்பிள்: சிரிக்கிறதுக்கு ஆளாகிறவர் அந்தக் கதைய வாசிச்சா, நெளிஞ்செண்டாலும் சிரிப்பாரோ? பெரியம்மா சிரிப்பா, எனக்குத் தெரியும், "மடிச்சு வைக்காம பின்ன எப்பிடிக் கொண்டு வாறது" எண்டு கேப்பா. சிரிக்கமாட்டார் எண்டா, அவர் எங்களை விடப் பெரிய இடத்தில இருக்கிறவரோ எண்டு பாருங்கோ. பெரிய இடமெண்டா தாராளமா எழுதுங்கோ.

2022 ஞாபகம் இருக்கும்தானே. மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட், பெற்றோலுக்கு கிலோமீற்றர் கணக்கில லைன், ஜூலைக்குப் பிறகு கியூஆர் கோட். அந்த லைனுக்குள்ள நிண்டவங்கள் விட்ட பகிடி மாதிரி நான் எங்கயும் கேக்கேல்ல. அதே பகிடிய ஏசி றூமுக்குள்ள இருந்து ஒராள் சொன்னா வயித்தெரிச்சல். கதைசொல்லி லைனில நிக்கிறாரோ இல்லையோ எண்டது முக்கியம்.

குத்தத்தான் வேணும் எண்டா பழைய வழி ஒண்டு இருக்கு, வஞ்சப்புகழ்ச்சி. புறநானூறு 95 இல அதியமானுக்காகத் தூது போன ஔவையார், அவன்ர பகையாளி தொண்டைமான் தன்ர ஆயுதசாலையப் பெருமையா காட்டேக்க சொல்லுறா: இஞ்ச இருக்கிறதெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மனையில வடிவா இருக்கு, அங்க அதியமான்ர வேல் எல்லாம் நுனி முறிஞ்சு கொல்லன்ர பட்டறையில கிடக்கு. ஒரு திட்டும் இல்ல. பார்த்தா பாராட்டு. உன்ர ஆயுதம் சண்டையே பாக்கேல்ல எண்டது தொண்டைமானுக்கு எப்ப விளங்கியிருக்குமோ தெரியாது. நீங்கள் ஒரு மனேஜரைப் பற்றியோ ஒரு அரசியல்வாதியப் பற்றியோ எழுதேக்க "அவர் கள்ளன்" எண்டு எழுதாம அவரிட்ட பழுதாகாம இருக்கிற சாமான்களை மட்டும் விவரிச்சுப் பாருங்கோ.

வெட்டு

எழுதி முடிச்ச பிறகு ரெண்டு கிழமை தொடாதீங்கோ. பிறகு எடுத்து இதுகளை வெட்டுங்கோ: ஆச்சரியக்குறி எல்லாம், ஒண்டுகூட வேண்டாம். "எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்" எண்ட வரி, கதைக்குள்ள ஆக்கள் சிரிச்சா வெளியில இருக்கிறவர் சிரிக்கமாட்டார். "வேடிக்கை என்னவென்றால்" எண்டு தொடங்குற எதுவும். பகிடிக்குப் பிறகு வாற விளக்க வரி. இந்தக் கடைசிதான் வலிக்கும், ஏனெண்டா வாசகருக்கு விளங்காதோ எண்ட பயத்தில எழுதின வரி அது. விளங்கும். ரிமோட்டுக்குப் பிறகு நான் "அவ்வளவு தயாராக இருந்தார்கள்" எண்டு ஒரு வரி வச்சிருந்தனான், ஒரு மாசம் அதை வெட்ட மனம் வரேல்ல, இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

பிறகு சத்தமா வாசியுங்கோ, கதவைப் பூட்டிட்டு. நாக்கு தடக்குற இடத்தில சிரிப்பும் தடக்கும். அதுக்குப் பிறகு ஒராளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, எழுதுற ஆளுக்கு வேண்டாம், அவை "நல்லா இருக்கு, கட்டமைப்பு சிறப்பு" எண்டுவினம். கதை வாசிக்காத ஆள் ஆரும், வேலை செய்துகொண்டே கேக்கிற ஆள். முகத்தைப் பாக்காதீங்கோ, கையைப் பாருங்கோ. வேலை எங்க நிக்குதோ அங்க கதை வேலை செய்யுது.

நான் லிஃப்ட் கதைய அம்மாவுக்குத்தான் வாசிச்சனான், குசினியில, அவ முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தா. கதிரை வாற இடத்தில ஒண்டும் இல்ல. அங்கிளின்ர நோட்டீஸுக்கு "பாவம் மனுசன்" எண்டவ. லாச்சியும் ரிமோட்டும் வரேக்க கை நிண்டுது, சிரிக்கேல்ல, ஆனா நிண்டுது. கடைசியில மாப்பிளை வீட்டாக்கள் ரெண்டாம் மாடியோட திரும்பிப் போக, அஞ்சாம் மாடி அன்ரி ஆறின பற்றிஸைப் பெட்டிக்குள்ள திருப்பி அடுக்குற வரி வந்து நான் முடிச்சிட்டு நிமிந்து பாத்தன். அம்மா கன நேரம் ஒண்டும் சொல்லேல்ல. பேந்து இலைய ஒரு பக்கம் தள்ளி வச்சிட்டு கேட்டா,

"அப்ப அந்தக் கதிரையெல்லாம் ஆர் திருப்பிக் குடுத்தது?"